எப்போதும் அறுபது

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் கூண்டைத் திறந்து பார்த்தபோது எங்கள் வீட்டுப் பாம்பு கருப்பட்டி சட்டையைப் பாதி உரித்துவிட்டு, மீதியைக் கிழிந்த வேட்டிபோல உடம்பில் சுற்றிக்கொண்டு கிடந்தது. வால்பக்கம் மட்டும் நான்கு துண்டுகள். வலது கண்ணின் மேல் பழைய தோல் அப்படியே ஒட்டியிருந்தது. மூக்குநுனியிலிருந்து வால்நுனிவரை ஒரே உறையாகக் கழன்று வரவேண்டிய சட்டை. கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட ஈரமானியைப் பார்த்தேன். அறுபது சதவீதம் என்றது. முந்தைய நாளும் அறுபதுதான். யோசித்துப் பார்த்தால், வாங்கிய அன்றும் அறுபதுதான்.

வெளியே கத்திரி வராமலே நாற்பது டிகிரி. கொடியில் போட்ட ஜீன்ஸ் முக்கால் மணி நேரத்தில் அப்பளமாக விறைக்கிறது. இந்த ஊரில், இந்த மாதத்தில், வீட்டுக்குள் அறுபது சதவீத ஈரப்பதம் எங்கிருந்து வரும்?

தராசு பழுதுபார்ப்பது என் தொழில். வேலூர் லாங்கு பஜாரில் மளிகைக்கடைத் தராசு முதல் தங்கப் பட்டறைத் தராசு வரை கைபார்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எலக்ட்ரானிக் தராசு என்றால் வருடத்திற்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். முத்திரை தவறிய தராசில் கால் கிலோ புளி நிறுத்தாலும் குற்றம். அப்படிப்பட்ட தொழிலில் இருக்கும் நான், உயிருள்ள ஒன்றின் கூண்டில், எதனோடும் ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பாராத ஒரு மானியை எட்டு மாதம் நம்பியிருக்கிறேன். கடைக்காரர் எவராவது இப்படிச் செய்திருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

பாம்பு என் மகளுடையது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்து அவள் விடுதிக்குப் போனதும், கூண்டும் குடித்தனமுமாக என் பொறுப்புக்கு வந்தது. பால் பைத்தான் என்ற வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். எதிர்வீட்டு ஆயா பெயரைக் கேட்டுவிட்டு, "பால் பாம்பா? ஒரு வேளைக்கு எவ்வளவு ஊற்றுகிறாய்?" என்று விசாரித்தார். "பால் குடிக்காது ஆயா, எலிதான் தின்னும்" என்றேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வாசலில் நின்று பேசுவதில்லை, தெருவின் நடுவில் நின்றுதான் பேசுகிறார்.

சட்டம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு என்பதால் ஒரு வார்த்தை. நம்மூர்ப் பாம்பு எதையும், அது சாரையோ மண்ணுளியோ, வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவற்றை 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதிவுசெய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உள்ளது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவை முடித்துவிட்டுத்தான் மகள் பெட்டி கட்டினாள்.

கிழிந்த சட்டையைப் படம் எடுத்து அனுப்பியதும் போன் வந்தது.

"கண் மேல் இருக்கும் தோலைப் பிடுங்கிவிடாதே, நைனா. கண்ணுக்கே ஆபத்து. வெதுவெதுப்பான ஈரத்துணியோடு ஒரு டப்பாவில் அரை மணி நேரம் விடு, தானாக இளகும். ஈரப்பதம் எவ்வளவு காட்டுகிறது?"

"அறுபது."

"அந்த வட்டத்திலா? அதை நம்பாதே. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது."

இதை எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

பழுதான ஒன்றைக் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அன்றிரவே வட்ட மானியின் பின்மூடியை நெம்பினேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு சுருள்: பழைய கைக்கடிகாரத்தின் வில்லைப்போல மெல்லிய உலோக நாடா, அதன் ஒரு முகத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும் பூச்சு. ஈரம் ஏறினால் பூச்சு விரியும், உலோகம் விரியாது, சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளை நகர்த்தும். தத்துவத்தில் குறையில்லை. முள் வளைந்து, எண் அச்சிட்ட அட்டையை உரசியபடி அறுபதில் படுத்துவிட்டிருந்தது. இடுக்கியால் நிமிர்த்தியதும் துள்ளி 38க்குப் போனது. அதை நம்பலாமா என்று கேட்டால், அதுவும் தெரியாது. நகர்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.

அதன் ஜோடியான வட்ட வெப்பமானியிலும் இதே சுருள்தான், பூச்சுக்குப் பதிலாக வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்கள். அது முதுகுப் பசையால் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. ஆகவே அது சொல்வது பெருமளவு கண்ணாடியின் வெப்பத்தை. பாம்பு படுப்பது தரையில், மானி இருப்பது தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே. சமையலறையில் கொதிக்கும் சாம்பாரின் பதத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது போன்ற வேலை.

மறுவாரம் புதிய மானிகள் வாங்கினேன். கம்பி இல்லாத சின்னக் கறுப்பு டப்பா இரண்டு, ஒன்று ஏறக்குறைய நூற்றெண்பது ரூபாய், இரண்டும் ஒரே மாதிரி. அப்புறம் சாரதி மாளிகைப் பக்கம் ஒரு கடையில், மணியும் காட்டும் பெரிய திரை மானி ஒன்று, முன்னூற்றைம்பது. அதற்கு ஒன்றரை மீட்டர் கம்பியும் நுனியில் உணரியும் உண்டு. பெட்டிகளில் எல்லாம் ஒரே வாசகம்: வெப்பம் 1 டிகிரி கூடவோ குறையவோ, ஈரப்பதம் 5 சதவீதம் கூடவோ குறையவோ. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஈரப்பதம் 34, 41, 36. வெப்பம் 33.1, 33.6, 32.8.

இங்கே தொழில்புத்தி குறுக்கிட்டது. திரையில் புள்ளிக்குப் பின் ஓர் எண் வந்தால், அந்த எண்வரை சரியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 31.4 என்று காட்டும் மானி உண்மையில் 30.5 ஆகவும் இருக்கலாம், 32.3 ஆகவும் இருக்கலாம். எவ்வளவு பொடியாகக் காட்டுகிறது என்பது வேறு, எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பது வேறு. தராசிலும் ஒரு கிராம் வரை காட்டிக்கொண்டே இருபது கிராம் முழுங்குகிற ஆசாமிகளைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் தராசை நான் திரையைப் பார்த்து எடைபோடுவதில்லை. காலித்தட்டில் பூஜ்யம் பார்ப்பேன், பிறகு முத்திரையிட்ட படிக்கல்லை வைப்பேன். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் படிக்கல் எது?

வெப்பத்தின் பூஜ்யம் வீட்டிலேயே இருக்கிறது. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி உலக்கையால் இடித்துப் பொடியாக்கி, ஒரு பிளாஸ்கில் கழுத்துவரை நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றினேன். தண்ணீரில் மிதக்கும் நாலு கட்டி பயன்படாது. சோற்றுக் கஞ்சி பதத்தில் இருக்க வேண்டும். பெரிய மானியின் கம்பி நுனியை நடுவில், சுவரிலோ அடியிலோ படாமல் இறக்கி, அவ்வப்போது கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். எண் 0.5இல் நின்றது. அரை டிகிரி கூடுதல்.

ஆனால் பூஜ்யம் சரியாக இருந்து பத்துக் கிலோவில் பொய் சொல்லும் தராசுகள் உண்டு. எனக்கு வேண்டியது 32 டிகிரியில் உண்மை. இதற்கு நம் அலமாரிகளில் தூங்கும் காய்ச்சல் மானிதான் படிக்கல். நல்ல டிஜிட்டல் காய்ச்சல் மானி உடல் வெப்பத்தையொட்டிய சில டிகிரிகளுக்குள் 0.1 டிகிரி பிசகுக்குள் நிற்கும். இந்த விலைக்கு அவ்வளவு துல்லியமான கருவி வேறெதுவும் வீட்டில் கிடையாது. சொம்பில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, இரண்டின் நுனிகளையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி முக்கினேன். காய்ச்சல் மானி எட்டிய உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமுடையது, தண்ணீரோ ஆறிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு முறையும் அணைத்து, மறுபடி இயக்கி, பீப் ஒலிக்கும் கணத்தில் இரண்டையும் படித்தேன். காய்ச்சல் மானியில் 99.0 பாரன்ஹீட், அதாவது 37.2 செல்சியஸ். பெரிய மானியில் 36.5. பூஜ்யத்தில் அரை டிகிரி கூட, 37இல் 0.7 குறைவு. இடையில் நேர்கோடு போட்டால் 32 பக்கத்தில் அரை டிகிரி குறைத்துக் காட்டுகிறது. அதன் முதுகில் டேப் ஒட்டி, "32க்கு +0.5" என்று எழுதினேன்.

சின்ன டப்பாக்களைத் தண்ணீரில் முக்க முடியாது. ஒரு தெர்மோகோல் பெட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நடுவே அவற்றையும் கம்பி நுனியையும் வைத்து மூடி, இரவு முழுக்க விட்டேன். தண்ணீரின் கனம் வெப்பத்தை அசையவிடாது. காலையில் திறந்ததும் முதல் பார்வையில் படித்தவை மட்டும் கணக்கு. அரை நிமிடம் மூச்சு விட்டால்கூட எண் ஏறும். இரண்டும் அரை டிகிரிக்குள் வந்தன. வெப்பத்துக்கு முத்திரை போட்டாயிற்று.

நெற்றிக்கு நீட்டும் துப்பாக்கி வெப்பமானியைக் கொரோனா காலத்தில் வாங்கி வைத்தவர்கள் பலர். நானும் அதைக் கூண்டுக்குள் நீட்டிப் பார்த்தேன். சூடான ஓட்டுக்கு 36.4, தண்ணீர்க் கிண்ணத்துக்கு 36.1. பாம்புக்குக் காய்ச்சல் இல்லை என்ற வகையில் மகிழ்ச்சிதான். உடல் அளவு முறையில் அது தோலின் வெப்பத்தை வாங்கி உள்ளுடல் வெப்பமாகக் கணக்குப்போட்டுக் காட்டும் கருவி. பொத்தானை அழுத்திப் பொருள் பரப்பு முறைக்கு மாற்றினால்தான் ஓட்டின் உண்மை வெப்பம் வரும். மாற்றிய பிறகும் ஒரு தப்பு செய்தேன்: கண்ணாடி வழியாகச் சுட்டேன். அது உணரும் வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டாது. எங்கிருந்து சுட்டாலும் கண்ணாடியின் வெப்பமே வரும். மூடியைத் திறந்து நேராகக் காட்ட வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் அதுவும் செல்லாது, மங்கிய ஓடு, மரம், மண்ணில் மட்டும் நம்பலாம். காற்றின் வெப்பத்தை அது அளக்கவே அளக்காது.

ஈரப்பதத்துக்கு வருகிறேன். இதன் படிக்கல் எங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஐப்பசி மழையில் உப்புச் சாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காரணம் கணக்காக இருக்கிறது: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஈர உப்பை ஒரு மூடிய டப்பாவில் வைத்தால், அது உள்ளேயிருக்கும் காற்றை 75இல் கட்டிப்போடும். 20 டிகிரியிலும் 75தான், 30 டிகிரியிலும் 75தான். அரை சதவீதத்துக்கு மேல் அசையாது. எந்தத் தொழிற்சாலையும் முத்திரை குத்தாத படிக்கல். கல்லுப்பில் மக்னீசிய உப்பு கொஞ்சம் கலந்திருக்கும், அதனால்தான் அது முந்திக்கொண்டு நீர்விடும். சோதனைக்குப் பாக்கெட் தூள் உப்பே நல்லது.

ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் குவித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். அதிரசப் பாகுபோல ஓடக்கூடாது, கடற்கரை ஈரமணல்போல நிற்க வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் சோதனை கெட்டது. காற்றுப்புகாத பெரிய டப்பாவில் அதை வைத்து, பக்கத்தில் மானிகளை உப்பு தொடாமல் நிறுத்தி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தேன். வட்ட மானியையும் பாவம் பார்த்து உள்ளே சேர்த்துக்கொண்டேன். முதல் முறை நாலு மணி நேரத்திலேயே பொறுமையிழந்து படித்துவிட்டேன். அந்த எண்களைத் தள்ளுபடி செய்யுங்கள். இரண்டாம் முறை மாலை ஆறு மணிக்கு மூடி மறுநாள் காலை ஆறுக்கு, டப்பாவைத் திறக்காமலே, வெளியிலிருந்து படித்தேன்.

முதல் கறுப்பு டப்பா 71. இரண்டாவது 78. பெரிய திரை 64. முள் நிமிர்ந்த வட்டம் 88. இதற்கு அறுபதே தேவலை.

இருபது ரூபாய் உப்புப் பாக்கெட்டில் ஒரு தேக்கரண்டி இத்தனையையும் சொல்லிவிட்டது. முதலாவதற்கு நாலு கூட்ட வேண்டும், இரண்டாவதில் மூன்று கழிக்க வேண்டும். மேசையில் 34, 41 என்று சண்டையிட்ட இரண்டும் திருத்தினால் 38, 38. ஒரே மாதிரி, ஒரே விலை, ஒரே நாளில் வாங்கியவை, ஏழு எண் வித்தியாசம். அச்சிட்ட ஐந்து சதவீதத்துக்குள் இரண்டுமே நிற்கின்றன என்பதுதான் வேடிக்கை. நிலையாகத் தவறும் மானி எனக்குச் சம்மதம். எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிட்டால் அது நல்ல மானி.

பெரிய திரைதான் யோசிக்க வைத்தது. ஆய்வகச் சாமான் கடையில் நூறு கிராம் மக்னீசியம் குளோரைடு வாங்கி அதே டப்பாச் சோதனையைச் செய்தேன்; அதன் ஈரக்கூழ் காற்றை 33 சதவீதத்தில் கட்டும். பெரிய திரை அங்கே 31 காட்டியது. வறண்ட காற்றில் இரண்டு குறைவு, ஈரக் காற்றில் பதினொன்று குறைவு. ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்ய முடியாத பேர்வழி. தவிர அதில் இன்னொரு வில்லங்கம் கண்டேன். கம்பியின் நுனி அளப்பது வெப்பத்தை மட்டும். ஈர உணரி மானியின் உடம்புக்குள்ளேயே, முதுகுத் துளைகளுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பியைக் கூண்டுக்குள் விட்டு, திரையை வெளியே மாட்டி வைத்தால், வெப்பம் பாம்பினுடையது, ஈரப்பதம் நம்முடையது. இரண்டும் ஒரே திரையில் மேலும் கீழுமாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. வாங்கும்போது ஊதிப் பாருங்கள்: கம்பி நுனியில் வாயால் ஊதினால் ஈரப்பத எண் ஏறுகிறதா, மானியின் முதுகில் ஊதினால் ஏறுகிறதா? கடையிலேயே பத்து விநாடியில் தெரிந்துவிடும். நான் அந்த எண்ணின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிட்டு, வெப்பத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

தானே பூட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உணரிச் சில்லுகள் தனியாகவே கிடைக்கின்றன. டிஎச்டி 11 என்ற நீலப் பெட்டி மலிவு, ஆனால் வெப்பத்தில் இரண்டு டிகிரி பிசகும், அதைப் பாம்புக்கு நான் வைக்கமாட்டேன். டிஎச்டி 22 அரை டிகிரி. எஸ்எச்டி 31 ஈரப்பதத்தில் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது. மாடிவீட்டுக் கல்லூரிப் பையன் அதில் ஒன்றைப் பூட்டிக் கொண்டுவந்தான். உப்பு டப்பாவில் 74 காட்டியது. மனதுக்குள் ஒரு வணக்கம் போட்டேன். அதற்குள் அவனுடைய இறுதியாண்டுச் செய்முறைக்கு வேண்டுமென்று எடுத்துப் போய்விட்டான்.

திருத்திய மானிகளைக் கூண்டின் தரையை ஒட்டி, பாம்பின் உயரத்தில் வைத்தேன். செல்லோ டேப் உள்ளே போகவே கூடாது. பாம்பு உரசினால் செதிலோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது தோல் வரும். ரப்பர் உறிஞ்சிதான் வழி. முதல் நாள் கண்ட உண்மை: ஈரப்பதம் 36. வெப்பத்தின் உச்ச நினைவுப் பொத்தானை அழுத்தினால் 38.2. நான் காலை எட்டரைக்குக் கடைக்குப் போய் இரவு வருபவன். நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் நல்லபிள்ளையாக 33 காட்டிய கூண்டு, மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடிச் சூட்டில் 38 வரை போய் வந்திருக்கிறது. இந்த இனத்துக்குக் கூண்டின் ஒரு கோடியான சூட்டுப்பக்கமே 31 முதல் 33 போதும், மறுகோடியான குளிர்ப்பக்கம் 25, 26. முப்பத்தைந்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்து. உச்சம், தாழ்வு இரண்டையும் நினைவில் வைக்காத மானியை வேலூர்க்காரர்கள் வாங்க வேண்டாம். மற்ற ஊர்க்காரர்கள் கூண்டைச் சூடாக்கப் பணம் செலவழிக்கிறார்கள், நாம் ஆற வைக்க.

அன்று மாலையே கூண்டு மாடியறையிலிருந்து கீழே வடக்கு அறைக்கு இறங்கியது. கோடைமுழுக்க ஏர் கூலர் அங்கே ஓடியது. வறண்ட வெயிலில் அது வெப்பத்தைக் குறைத்து ஈரத்தையும் ஏற்றும், ஒரே செலவில் இரண்டு வேலை. வலைமூடியின் முக்கால் பங்கைத் தகட்டால் மூடினேன். தரையில் தேங்காய் நார்த்தூள் மூன்று அங்குலம், கீழ்ப்பாதி மட்டும் ஈரமாக. காகிதப்பட்டறைச் சாலையோரத்தில் எழுபது ரூபாய்க்கு ஒரு மண்பானை வாங்கி, வாயைக் கவிழ்த்துப் பக்கத்தில் துளை போட்டு, உள்ளே ஈரநார் பரப்பினேன். ஸ்பிரே பாட்டிலால் தெளித்துப் பார்த்ததில் எண் 85க்குத் தாவி இருபத்தைந்து நிமிடத்தில் பழையபடி இறங்கியது. வீண். பானைக்குள் கறுப்பு டப்பாவை ஒருநாள் வைத்தபோது திருத்திய கணக்கில் 79. கருப்பட்டி அதற்குள் புகுந்து மூன்று நாள் வெளியே வரவில்லை. கண் மேல் ஒட்டியிருந்த தோல் நாலாம் நாள் பானைக்குள் கிடந்தது, பாசிப்பயறு அளவில், கண்ணாடிபோல.

கார்த்திகையில் ஒரு குழப்பம். மழை வந்து, அறை 26க்கு இறங்கி, கூண்டுக்கு அடியிலிருந்து சூடேற்றும் மின் வெப்பப் பாய் வேலைசெய்யத் தொடங்கிய வாரம். குளிர்ப்பக்க மானி, திருத்திய பிறகு, 70 காட்டியது. சூட்டுப்பக்க மானி 50. இடைவெளி மூன்றடி. ஒன்றுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தீர்மானித்து, எது என்று அறிய இரண்டையும் இடம் மாற்றினேன். தராசுத் தட்டின் நான்கு மூலையிலும் அதே படிக்கல்லை வைத்துப் பார்க்கும் பழக்கம். நான்கு மூலையும் ஒரே எடை காட்டினால்தான் தராசு தேறும். இங்கே மானிகள் இடம் மாறின, எண்கள் மாறவில்லை: குளிர்ப்பக்கம் 70, சூட்டுப்பக்கம் 50. மானிகளில் கோளாறில்லை. மூலைகளே வேறு.

மகளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, ஒரு கணக்குச் சொன்னாள். ஒரு கன மீட்டர் காற்று 26 டிகிரியில் ஏறக்குறைய 24 கிராம் நீராவியைத் தாங்கும், 32 டிகிரியில் 34 கிராம். கூண்டுக்குள் இரு பக்கமும் அதே 17 கிராம்தான் இருக்கிறது. 24இல் 17 என்றால் எழுபது சதவீதம், 34இல் 17 என்றால் ஐம்பது. அரைக்கால் படி அரிசியைச் சின்னப் பானையில் போட்டால் நிறைவாகவும் பெரிய பானையில் போட்டால் குறைவாகவும் தெரிகிற சங்கதி. அப்படியானால் "கூண்டின் ஈரப்பதம் 60 வேண்டும்" என்று சொல்கிறவர்களிடம், எந்த மூலையில் என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு மானி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு எழுந்திருக்காது. அதுமுதல் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

மார்கழியில் வயிற்றைக் கலக்கிய சம்பவம். காலையில் உச்ச நினைவைப் பார்த்தால், சூட்டுப்பக்கத் தரை 41. வெப்பப் பாயைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரையிலோ சாந்தமாக 28. இரவில் கருப்பட்டி தெர்மோஸ்டாட்டின் உணரியை முட்டித் தள்ளி, அது தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரம் போய்க் கிடந்தது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நம்பி அது பாயை அணைக்காமலே எரித்திருக்கிறது. நல்லவேளை, பாம்பு மறுகோடியில் பானைக்குள் இருந்தது. அடிவயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கருகல் இல்லை. தெர்மோஸ்டாட் தன் உணரி இருக்கும் இடத்தை மட்டுமே அறியும், அதைச் சரிபார்க்க அதன் திரையையே பார்ப்பது திருடனிடம் சாவியைக் கொடுத்துக் கதவு பூட்டியதா என்று கேட்பது. இப்போது அதன் உணரி கூண்டுக்கு வெளியே, பாய்க்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் செருகியிருக்கிறது, பாம்பின் மூக்கு எட்டாது. உள்ளே தரையில் பெரிய மானியின் கம்பி நுனி தனியாகக் காவல் பார்க்கிறது.

தை பிறக்குமுன் கருப்பட்டியின் கண் மீண்டும் வெளிறிப் பால் படர்ந்தது. ஒன்பதாம் நாள் காலை, ஒரே சட்டை, மூக்கிலிருந்து வால்வரை. கண் மூடிகள் இரண்டும் அதில் இருந்தன. தராசில் பாம்பை வைத்தேன், 1,260 கிராம். சட்டையை அளந்தேன், பாம்பைவிட நீளம். உரியும்போது தோல் இழுபடுவதால் அப்படித்தான் இருக்கும்.

பொங்கல் விடுமுறைக்கு மகள் வந்தாள். வந்த வேகத்தில் கூண்டைக் காலிசெய்து, ஓடு, கிண்ணம், பானை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, மானிகளையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பளிச்சென்று துடைத்து வைத்தாள். துடைத்தபோது இரண்டு கறுப்பு டப்பாக்களின் முதுகிலும் மார்க்கரால் நான் எழுதியிருந்த +4, −3 இரண்டும் போய்விட்டன. ஸ்பிரிட் ஆவி பட்டால் ஈர உணரியே தடம்மாறும் என்பதையும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

"எது எது என்று உனக்குத் தெரியாதா, நைனா?"

இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே கறுப்பு, ஒரே எடை.

உப்பு டப்பா மறுபடி சமையலறை மேடையில் இருக்கிறது. மாலை ஆறுக்கு மூடினேன். காலையில் படிக்க வேண்டும்.